ஒரு பக்கம் சாய்ந்தவர்கள்

குற்றாலச் சாரலை அறிந்தவர்கள் ஐந்தருவிச் சாலையிலுள்ள வெண்ணமடைக்குளத்தையும் அறிவர். சென்ற ஆடியில் அங்குத் துடுப்புப் படகில் சென்றோம். கரையோர மரக்கிளையில் குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஒரு குரங்கு. (குற்றாலத்தில் குரங்குக்கா பஞ்சம்! ஆயினும் நீரிலிருந்து காண்கையில் அது வேறு குரங்காகிவிடுகிறது.) நாங்கள் அனைவரும் எழுந்து அப்பக்கம் சாய்ந்தோம். படகு சரிந்தது. "ஒரு பக்கமா சாயாதிய, ஐயா!" என்று படகோட்டி அதட்டிய பின்னரே அமர்ந்தோம்.

அன்று மாலை தென்காசி திரும்புகையில் தேக்கடியே நினைவில் நின்றது. 2009 செப்டம்பர் 30 அன்று பெரியாறு ஏரியில் 'ஜலகன்யகா' எனும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதே உடனடிக் காரணம் எனப்பட்டது. படகின் சமநிலையும் ஐயத்துக்குள்ளானது. கட்டியவர், அனுமதித்தவர் பொறுப்பை நாம் குறைத்துரைக்கவில்லை. எனினும் நம்மை உறுத்துவது அந்த ஓரடி. அதை எடுத்து வைத்த எவரும் தீங்கு நினைத்தாரல்லர். காட்டெருதைத் தன் குழந்தைக்குக் காட்ட விரும்பும் தாய் குற்றவாளியா? தனித்தனியே எடைபோட்டால் எவரிடமும் பிழையில்லை. கூட்டினால் ஒரு படகைக் கவிழ்க்கும் பாரம். 'நான் ஒருவன் நகர்வதால் என்ன?' என்ற கேள்விக்கு விடை அருகிலிருப்பவனிடம் இருக்கிறது. அவனும் அதே கேள்வியோடுதான் எழுந்து நிற்கிறான். அழகின் முன் இதை நாம் மறக்கிறோம். காணும் ஆசையே கூடாதென்று கூற நமக்கு மனமில்லை. படைப்பைக் காணவன்றோ கண் பெற்றோம். அமர்ந்தபடியும் காணலாம், முன்னிருப்பவர் சொல்லக் கேட்டும் அறியலாம்.

கரையேறும்போது எங்களில் மூத்தவர், "குரங்கைச் சரியாகப் பார்க்கவே இல்லையப்பா" என்று குறைப்பட்டார். "நான் குரங்கப் பாத்து வருசமாச்சு, ஐயா, ஆளுகளத்தான் பாக்கேன்" என்றபடி படகோட்டி கயிற்றை இழுத்துக் கட்டினார்.