வந்தியின் பங்கு

பெரியகுளத்தை அடுத்துப் பூண்டுச் சந்தையாற் பேர்பெற்ற ஊர் வடுகபட்டி. அப்பக்கத்து மலைநீரைக் கொண்டு வரும் வராக நதி வைகையிற் சென்று கலக்கின்றது. வைகையின் வெள்ளம் என்றவளவில் சைவ நன்மக்கட்கு நினைவில் வருவது மண் சுமந்த திருவிளையாடலேயாம்.

வெள்ளம் மேலிட்டபோது பாண்டியன் கரையை அளந்து ஊரார்க்குப் பங்கிட்டான். பிட்டு விற்று உயிர்வாழ்ந்த வந்திக்கும் ஒரு பங்கு வந்தது. அவளோ மைந்தரும் சுற்றமும் இல்லாத முதியவள். மணிவாசகப் பெருமானை ஒறுத்துப் பிழை செய்தவன் அரசன். கரையடைக்கக் கடன்பட்டவள் வந்தி! ஏனையோர் பங்கெல்லாம் உயர்ந்தும், அவள் பங்கு அடைபடாமையின் ஊர் முழுதும் இடரில் நின்றது. தம் பங்கை முடித்தவருள் ஒருவரேனும் ஒரு கூடை மண்ணை அங்கே கொட்டினாரில்லை போலும். கூலியாளாக இறைவனே வரவேண்டியதாயிற்று.

அற்றேல், வெள்ளம் முதலியன ஆதிதைவிகத் துன்பமாகலின், அவை அவரவர் வினைப்பயனே. நாம் இடைப்புகுதல் எற்றுக்கு என்பார் உளர். அது பொருந்தாது. வினைப்பயனை ஊட்டுவோன் இறைவன். அண்டை வீட்டார் வினைக்கணக்கை அவன் நம் கையிற் கொடுத்திலன். அவர்க்குப் பிராரத்தம் என்று நாம் வாளா இருப்பின், அவ்விருப்பே நமக்கு ஆகாமியமாம். அன்றியும், கூலியாள் மேல் விழுந்த பிரம்படி எல்லாவுயிர்மேலும் பட்டதே. பிறர் துயர் பிறர்க்கே என்பார் அதற்கு யாது கூறுவர்?

2015-ஆம் ஆண்டு திசம்பர்த் தொடக்கத்தில், சென்னைப் புறநகராகிய தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாற்றங்கரைப் பகுதிகளாகிய முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. மீனவர் தம் படகுகளோடு வந்தனர். கோயிலும் பள்ளிவாசலும் ஏதிலார்க்குக் கதவு திறந்தன. வெள்ளத்தின் பின் தோன்றிய இவ்வன்பு பெரிது. ஆயின் புதிதாய்க் குடியேறியோர் மலிந்த புறநகரில், எவ்வீட்டில் நடக்கலாற்றாத முதியவர் தனித்துள்ளார் என்பதை அடுத்த வீட்டாரும் அறியாதிருத்தல் இயல்பு. படகு வரினும், எக்கதவைத் தட்டுவது?

உடைப்பெடுத்த கரையை அடைக்க ஊராரை ஏவுதற்கு 1858-இலேயே சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அஃது உடல்வலியுடைய உழைப்பாளரைப் பணித்தது. வலியிலார் பங்கை ஏற்பவர் யாரென்பது சட்டத்தால் ஆவதன்று.

மதுரையில் ஆவணி மூலத்தன்று பிட்டுத் திருவிழா நிகழ்கின்றது. ஐப்பசி மழைக்கு இரண்டு திங்கள் முன்னரே வரும் நாள் அது. அந்நாளிற் பிட்டு நிவேதிக்கும் திருக்கோயில் ஒவ்வொன்றிலும், பிரசாதம் பெற வரும் அன்பரை, ‘உம் தெருவில் தனித்திருப்போர் யாவர்? மழை மிகுந்தால் அவரை அழைத்து வருவார் யார்?’ என்று வினவி எழுதிக்கொள்வாராக.