குடியிருக்க ஒரு காரணம்

இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் ஒரு நாள் சுற்றுலா என்றால் மூன்று நான்கு கிராமங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம். வழிகாட்டி சொன்ன நேரத்துக்குள் தேநீர் குடித்து, படம் எடுத்து, பேருந்துக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த அவசரத்திலும், தேன் நிறக் கல்வீடுகளைப் பார்க்கிறவர்களுக்கு ஓர் ஆசை எட்டிப்பார்க்கும்: பேசாமல் இங்கேயே இருந்துவிட்டால் என்ன? எனக்கும் வந்தது. அப்படி ஆசைப்படும்போது நாம் கேட்பது எதை?

இந்த வீடுகளைக் கட்டியவர்கள் எவரும் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டவில்லை. பைபரி கிராமத்தில் உள்ள ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காக எழும்பி, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பானது. அந்த வட்டாரத்து மண்ணுக்கடியில் கிடைத்த சுண்ணாம்புக்கல்தான் சுவர். எதிரே பச்சைப்பசேலென்று கிடக்கும் ராக் ஐல் என்ற ஈரநிலம், மரச்சட்டங்களில் துணியை விரித்துக் காயவைத்த இடம். பிறகு இயந்திரங்கள் வந்தன. கம்பளித் துணித் தொழில் நிலக்கரி கிடைத்த யார்க்ஷயர் பக்கம் போயிற்று. பணம் புழங்கிய ஊர்கள் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டன. இங்கே அதற்கும் வழியில்லை. நாம் ரசிக்கும் பழமையை முதலில் காப்பாற்றியது ஏழ்மைதான். சட்டமும் அறக்கட்டளைகளும் பிற்பாடு வந்தவை.

இந்த அழகின் மேல் ஆசை வைத்தவர்களில் இருவரைச் சொல்லலாம். ஒருவர் அமெரிக்கக் கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு. 1930-இல் செட்வொர்த் கிராமத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கப்பலேற்றி, மிச்சிகனில் தம் அருங்காட்சியகத்தில் எழுப்பினார். வீடு பத்திரமாக இருக்கிறது. குடித்தனம்தான் இல்லை.

இன்னொருவர் கட்டடக் கலைஞர் ஆஷ்பீ. வீட்டைத் தூக்கிச் செல்லாமல் மனிதர்களைக் கூட்டி வந்தார். 1902-இல் கிழக்கு லண்டனிலிருந்து தச்சர்கள், வெள்ளி வேலைக்காரர்கள், புத்தகம் கட்டுபவர்கள் எனத் தம் கைவினைக் குழுவைக் குடும்பங்களோடு சிப்பிங் கேம்டனில் குடியமர்த்தினார். பழைய பட்டு ஆலை பட்டறையானது. ஆனால் சில ஆண்டுகளிலேயே குழு நொடித்துப்போனது. லண்டனில் வேலை குறைந்தால் இன்னொரு பட்டறையில் சேர்ந்துகொள்ளலாம். இந்தச் சிற்றூரில் அதற்கு வழி ஏது? நல்ல காற்றும் கல்வீடும் வாரக் கூலி கொடுக்கவில்லை. பலர் திரும்பிப் போனார்கள். சிலர் தங்கினார்கள். அப்படித் தங்கிய வெள்ளி வேலைக்காரர் ஒருவரின் வழிவந்தவர்கள் அதே ஆலையில் தொழிலைத் தொடர்ந்திருக்கிறார்கள்.

அவர்களைத் தங்கவைத்தது ஊரின் அழகு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையில் எழுந்தால் போய் உட்கார ஒரு பட்டறை இருந்தது. சுற்றுலாவில் நமக்குப் பிடிப்பது ஊர் என்று நினைக்கிறோம். பாதிக்குமேல் பிடிப்பது, அங்கே நமக்குப் பொறுப்பு எதுவும் இல்லாத அந்த நேரம். வாடகை, ஒழுகும் கூரை, ஓடாத பேருந்து எல்லாம் அங்கே வேறு யாருடைய கவலையோ. ஆகவே, "இங்கே இருந்துவிட்டால் என்ன?" என்று மனம் கேட்டால், "இங்கே எனக்கு என்ன வேலை?" என்று திருப்பிக் கேட்பது நல்லது. அதற்குப் பதில் இருந்தால் மழைக்காலத்திலும் அந்த ஊரில் இருக்கலாம். இல்லாவிட்டால், ஒரு மணி நேரமே அந்த ஊருக்கும் நமக்கும் சரியான அளவு.