கணக்கு யார் கையில்?

கணக்கு எழுதுதல் வணிகனுக்கு உரிய தொழில் என்றும், மாதச் சம்பளத்தை நம்பி வாழ்வோனுக்கு அது வீண்வேலை என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. “வருவதே போதவில்லை, எழுதி என்ன பயன்?” என்று ஆசிரிய நண்பர்கள் வினவுகின்றனர். இலாபத்தை எண்ணுவதற்கெனப் பிறந்த கலை இலாபமே காணாத வாழ்வுக்கு எதனை உணர்த்தும் என்பது நியாயமான வினாவே.

இரட்டைப் பதிவு முறையை, 1494இல் வெனிசு நகரில் அச்சேறிய தமது கணித நூலில் லூக்கா பச்சோலி என்னும் துறவி விளக்கினார். இத்தாலிய வணிகரிடம் அதற்கு முன்னரே அது வழங்கிவந்தது. அதன் விதி எளிது. பணம் ஓரிடத்திலிருந்து வந்து வேறோரிடத்துக்குச் செல்கிறது. ஆகவே ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் குறைந்தது இரண்டு கணக்குகளில் ஏறவேண்டும். கூட்டினால் பூச்சியம் வரவேண்டும்.

2003இல் ஜோன் வீக்லி என்பார் வெளியிட்ட ‘லெட்ஜர்’ என்னும் கணனி நிரல், இவ்விதியை வெறும் எழுத்துக் கோப்பொன்றில் இயங்கச் செய்தது. ‘எச்லெட்ஜர்’, ‘பீன்கவுண்ட்’ ஆகியவை அதன் வழியில் பின்னர் எழுந்தன. முதல் வரியில் திகதியும் விவரமும்; அதன்கீழ் கணக்கின் பெயர்களும் தொகைகளும். அவ்வளவே எழுதவேண்டியது. பதிவு சமன்படாவிடின் நிரல் பிழையைச் சுட்டி நின்றுவிடும். இம்மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. அவற்றின் மூலநிரலை எவரும் படிக்கலாம். நிரல் நாளை வழக்கொழிந்தாலும் கோப்பு நம்மிடமே இருக்கும். எழுத்தறிந்த எவரும் அதனை வாசிக்கலாம்.

இதனை வெறும் வசதியென்று கொள்வதற்கில்லை. கணக்கை வைத்திருப்பவன் அதிகாரத்தையும் வைத்திருக்கிறான் என்பதற்கு நமது மலையகத்தின் வரலாறே சான்று. தோட்டத் தொழிலாளி வேறொரு தோட்டத்துக்குப் போவதாயின் ‘துண்டு’ வேண்டும். அவன் பட்ட கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் விடுவிப்போம் என்பதே அத்துண்டின் பொருள். 1921இல் அம்முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதுவரை தன் கடனைத் தானே எழுதிவைக்க வகையற்றவன், பிறர் எழுதியதை எவ்வாறு மறுத்திருப்பான்? இன்று வங்கிகளின் கைத்தொலைபேசிச் செயலிகள் நமது செலவை வகைபிரித்து நமக்கே காட்டுகின்றன. அங்கும் ஏடு அவர்களுடையதே.

இனிச் சிக்கனத்தைப் பற்றி நோக்குவோம். நெருக்கடி வரும்போதெல்லாம் மக்கள் வரவறிந்து செலவிடவேண்டும் என்னும் உபதேசம் மேலிருந்து இறங்குகிறது. மேற்கூறிய நிரல்களில் தொகையை மட்டுமன்றி அளவையும் எழுதலாம். ‘செலவு:உணவு’ என்னும் கணக்கில் 10 கிலோ அரிசி, கிலோ 230 ரூபா வீதம் என்றும், ‘கைக்காசு’ என்னும் கணக்கில் 2,300 ரூபா குறைவு என்றும் பதியலாம். அளவும் விலையும் இவ்வாறு தனித்தனியே நிற்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. அக்காலத்தில் இவ்விதம் கணக்கு வைத்த குடும்பமொன்று, தான் வாங்கிய அரிசி கூடவில்லை, விலையே கூடியது என்பதைத் தன் கையெழுத்திலேயே கண்டிருக்கும். ஊதாரித்தனம் என்னும் பழியை மறுப்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

ஆயினும் கணக்குக்கு எல்லைகள் உண்டு. சாராயத்துக்குக் கொடுத்ததை மருந்துச் செலவென்று எழுதினாலும் கூட்டுத்தொகை பூச்சியமே. சமன்பாட்டைக் காக்க நிரலால் இயலும். உண்மையைக் காக்க எழுதுவோனின் மனச்சாட்சியே வேண்டும். மற்றோர் எல்லை இதனினும் பாரதூரமானது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் பெண்ணின் உழைப்பில் பணம் கைமாறுவதில்லை. ஆதலால் அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவ்வுழைப்பின்றி அச்சம்பளம் ஒரு மாதமேனும் போதுமா என்பதை ஏடு கூறாது. நாமே கேட்டுக்கொள்ளவேண்டும்.

ஆகவே நண்பர்கள் கணக்கு எழுதவேண்டும் என்றே கூறுவோம். எழுதுவதால் சம்பளம் கூடப்போவதில்லை. ஆனால் எங்கே நாம் வீணாக்கினோம், எங்கே நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதைப் பிரித்தறியலாம். முன்னதைத் திருத்துவது நம் கையிலுள்ளது. பின்னதைக் கேட்கச் செல்கையில், தொழிற்சங்கக் கூட்டத்தில் நம் கையில் ஏடு இருக்கட்டும்.