யார் சமைத்த சோறு

சோறு போட்டவர்களை மறக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அரசுப் பள்ளியின் சத்துணவுக்கூட வாசலில் நின்று பார்த்தால், இந்தப் பாடம் அவ்வளவு எளிதல்ல என்று தெரியும். அந்தச் சோற்றைப் போடுவது யார்? 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் அறிய வேண்டிய வரலாறுதான். ஆனால் அடுப்படிப் புகையிலும் வெக்கையிலும் நிற்பவர்கள் சமையலரும் சமையல் உதவியாளரும்.

உணவுத் திட்டத்துக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நன்றி சொல்ல வைப்பது சரியா? எனக்கு உடன்பாடில்லை. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சட்டப்படியான உரிமையாக்கியது. தனக்கு உரியதைக் கைகட்டி வாங்கப் பழகும் பிள்ளை, தன் வீட்டு வறுமைக்கு வெட்கப்படவே பழகும்.

அதற்காக நன்றியே வேண்டாம் என்று ஆகிவிடாது. உரிமை என்பது அரசுக்கும் பிள்ளைக்கும் உள்ள கணக்கு. சமைப்பவருக்கும் பிள்ளைக்கும் இடையில் இருப்பது வேறு. சம்பளத்துக்குத்தானே சமைக்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பளம் சமையலுக்கு. தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் போய், “ஏன் கண்ணு, உடம்பு சரியில்லையா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதற்கும், முட்டை உரிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு உரித்துக் கொடுப்பதற்கும் யாரும் சம்பளம் தருவதில்லை. பிள்ளையின் கண்ணில் படவேண்டியது இதுதான். கண்ணில் பட்டுவிட்டால் நன்றியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகம் பார்த்து “போதும்க்கா” என்று சொல்வதிலேயே அது இருக்கும்.

மரியாதை இன்னும் கடினமான பாடம். 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் அந்தச் சமையலரை இடமாற்றம் செய்தார்கள். கண்டனம் எழுந்த பிறகு அந்த ஆணை ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அங்கே பிள்ளைகளுக்கு என்ன பாடம் நடந்தது என்பதுதான் மனதை அறுக்கிறது. அப்பா அம்மா பேச்சைக் கேட்பதே மரியாதை என்று வளர்த்த பிள்ளையிடம், “அவங்க கையால சாப்பிடாதே” என்று சொன்னால் அந்தப் பிள்ளை யாருக்கு மரியாதை காட்டும்? பெற்றோர் சொல்லைத் தட்டினால் அடங்காத பிள்ளை. தட்டாவிட்டால், தனக்காக உலை வைத்தவரை அவர் கண்ணெதிரிலேயே அவமதித்த பிள்ளை.

ஆறு வயதில் இதைத் தீர்க்கச் சொல்வது கொடுமை. வீட்டில் சொன்னது தவறு என்று யாராவது ஒரு பெரியவர் அந்தப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். அதையும் வீட்டாரை இழிவுபடுத்தாமல் காட்ட வேண்டும். ஆசிரியரால் அது முடியும். அவரும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து, அதே கரண்டியிலிருந்து சோறு வாங்கி, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். நீதிபோதனை வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் இதற்கு ஈடாகாது.

பெரியவர்களுக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். பிள்ளைகளை நன்றி சொல்ல வைத்துவிட்டு, அந்த ஊழியர்களின் கோரிக்கையை நாம் காதில் வாங்காமல் இருப்பது நேர்மையாகாது. போராட்ட நாளில் “சமையல் அக்கா ஏன் வரல?” என்று பிள்ளை கேட்டால் சலித்துக்கொள்ளாமல் உள்ளதைச் சொல்லலாம்: “வேலைக்கேத்த சம்பளம் கேக்கப் போயிருக்காங்க. கேக்க வேண்டியதுதான்.”