அனுமதி கேட்பது அடிமைத்தனமா?

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் ஒருவர் பிறர் தலைமயிரைக் கூலிக்கு வெட்ட விரும்பினால், அதற்கு அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். பயின்று, பரீட்சையிற் சித்தியெய்திய பின்னரே அவர் அத்தொழிலில் இறங்கலாம். அதே மாநிலத்தில், 2021ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம், இருபத்தொரு வயது நிரம்பியவரும் துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தால் தடைசெய்யப்படாதவருமான ஒருவர், குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியை உறையிலிட்டு இடையில் தாங்கிக் கடைத்தெருவில் நடமாட எந்தப் பத்திரமும் தேவையில்லை. எந்தப் பயிற்சியும் தேவையில்லை. இச்சட்டத்திற் கையொப்பமிடும் வைபவத்தை மாநில ஆளுநர் சான் அன்ரோனியோ நகரிலுள்ள அலமோவில், ரெக்சாஸ் தன் விடுதலைப் போரின் சின்னமாகப் போற்றும் அந்தப் பழைய கோட்டையில், நடத்தினார். சுதந்திரத்தின் பெயராலேயே அச்சட்டம் பிறந்தது.

ரெக்சாஸ் இவ்வழியிற் தனியே செல்லவில்லை. அனுமதிப்பத்திரமின்றிக் கைத்துப்பாக்கி தாங்கிச் செல்ல இடமளித்த மாநிலங்கள் 2010ஆம் ஆண்டின் முடிவில் மூன்றே மூன்று. வேர்மொன்ற் மாநிலத்தில் அத்தகைய அனுமதிப்பத்திரம் என்றுமே இருந்ததில்லை. 1903இல் ஒரு நகரசபை அதனைக் கொண்டுவர முயன்றபோது அம்மாநில நீதிமன்றம் தடுத்துவிட்டது. அலாஸ்கா 2003இலும், அரிசோனா 2010இலும் அதனைப் பின்பற்றின. 2024ஆம் ஆண்டிலோ இத்தொகை இருபத்தொன்பதாகிவிட்டது. ஐம்பது மாநிலங்களிற் பாதிக்கு மேற்பட்டவை, பதினான்கே ஆண்டுகளில், ஒரு பழைய சமூகக் கட்டுப்பாட்டைக் கைவிட்டுவிட்டன.

இச்செய்தியை வியப்போடோ ஏளனத்தோடோ வாசித்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆயின் இதன் அடியில் ஓர் அறவியற் பிரச்சினை உண்டு. அது எந்த நாட்டாருக்கும் உரியது. தன் பாதுகாப்பைப் பற்றித் தானே தீர்மானிக்கும் ஒருவன், அத்தீர்மானத்தால் இடருக்குள்ளாகும் அயலவனிடம் எதையேனும் கேட்கக் கடமைப்பட்டவனா? அனுமதி கேட்பது சுதந்திர மனிதனுக்கு இழுக்கா? இக்கேள்வியையே நாம் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். இச்சட்டங்களின் ஆதரவாளர் இவை அரசியலமைப்பு வழங்கிய உரிமையை மீட்டுத் தருவன என்பர். 1791ஆம் ஆண்டில் நிறைவேறிய இரண்டாவது திருத்தத்தை அவர்கள் சுட்டிக்காட்டுவர். அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில், நியூயோர்க் மாநிலம் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நெடுங்காலம் நடைமுறைப்படுத்திவந்த கடுமையான கட்டுப்பாட்டைத் தள்ளுபடி செய்தது உண்மையே. தமக்கு விசேட காரணம் உண்டெனக் காட்டினாலன்றி அனுமதி இல்லையென்ற நிபந்தனை அதனால் வீழ்ந்தது. ஆனால் அதே நீதிமன்றம், பொது விதிகளின்படி தகுதியுடைய அனைவருக்கும் வழங்கப்படும் அனுமதிப்பத்திர முறையைத் தடைசெய்யவில்லை. எனவே, அனுமதிப்பத்திரத்தை ஒழிக்கும்படி எந்த அரசியலமைப்பும் இம்மாநிலங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டசபைகளே அதனை விரும்பித் தெரிந்தெடுத்தன.

இது முன்னோரின் மரபு என்ற வாதமும் வரலாற்றின் முன் நிலைபெறாது. கைத்துப்பாக்கியை மறைத்துத் தாங்கிச் செல்வதைக் கென்ரக்கியும் லூசியானாவும் 1813இலேயே தடைசெய்தன. ரெக்சாஸ் 1871இல், சில விலக்குகள் நீங்கலாக, கைத்துப்பாக்கி தாங்கித் திரிவதையே தடைசெய்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அத்தடை நிலவிற்று. 1995இல் அனுமதிப்பத்திர முறை வந்தபோது, பத்து மணித்தியாலத்துக்குக் குறையாத பயிற்சி வேண்டும் என்றனர். 2013இல் அது நான்கு மணித்தியாலமாகச் சுருங்கியது. 2021இல் அதுவும் போயிற்று. துப்பாக்கிச் சொந்தக்காரரின் பெருஞ் சங்கமான தேசிய றைபிள் சங்கத்தின் தலைவரே 1934இல் காங்கிரஸ் சபையின் குழு முன் சாட்சியமளிக்கையில், ஆயுதந் தாங்கித் திரிவதைத் தாம் பொதுவாக ஆதரிக்கவில்லையென்றும், அது அனுமதிப்பத்திரத்தின் கீழ் இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட வேண்டுமென்றும் கூறினார். இன்று மரபெனப்படுவது உண்மையில் மரபை முறித்த ஒரு புதுமையே.

ஆயினும், எதிர்க்கட்சியின் பலவீனமான வாதங்களை மட்டும் எடுத்து முறியடிப்பது நேர்மையான விவாதமாகாது. அவர்களிடம் வலுவான வாதங்கள் இரண்டு உண்டு. அவற்றை நாம் நேர்நின்று நோக்கவேண்டும்.

முதலாவது வாதம் துயரத்திற் பிறந்தது. 1991ஆம் ஆண்டு ஒக்ரோபர் 16ஆந் திகதி, ரெக்சாஸின் கிலீன் நகரில் ஓர் உணவுச்சாலைக்குள் வாகனத்தை மோதிச் செலுத்தி நுழைந்த ஒருவன் இருபத்துமூன்று பேரைச் சுட்டுக் கொன்றான். பெற்றோருடன் அங்கு உணவருந்திக்கொண்டிருந்த சுசானா ஹப் என்ற பெண்ணிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. சட்டத்துக்கு அஞ்சி அதனை அவர் தமது காரிலேயே விட்டு வந்திருந்தார். தந்தையும் தாயும் அவ்விடத்தில் மாண்டனர். சட்டத்தை மதித்தமையால் பெற்றோரைக் காக்க முடியாமற் போனதே என்று அவர் சட்டசபைகளின் முன் சாட்சியமளித்தார். பின்னர் தாமே ரெக்சாஸ் சட்டசபை உறுப்பினரானார்.

இத்துயரத்தைப் பகடி செய்ய நமக்கு உரிமையில்லை. சட்டம் தன்னைக் காக்கவில்லை, தானும் தன்னைக் காத்துக்கொள்ளச் சட்டம் விடவில்லை என்று ஒருவர் முறையிடும்போது, அதற்குச் சமுதாயம் விடை கூறியேயாகவேண்டும். ஆனால் ரெக்சாஸ் 1995இலேயே அதற்கு விடை கூறிவிட்டது. பயிற்சி பெற்று அனுமதிப்பத்திரம் எடுப்பவர் துப்பாக்கியைத் தம்முடன் கொண்டு செல்லலாம் என்று அன்று சட்டம் வந்தது. சட்டத்தை மதித்துத் துப்பாக்கியைக் காரில் விட்டுவந்த ஒருவர் நிச்சயமாக அப்பத்திரத்தை எடுத்திருப்பார். அப்படியாயின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் யாருக்கு விடை கூறுகிறது? தன்னையும் தன் குடும்பத்தையும் காக்க ஆயுதம் வேண்டும், ஆனால் அதனைக் கையாளக் கற்பதற்கு நான்கு மணித்தியாலம் தரமாட்டேன் என்பவனுக்கே அது புதிதாக ஒன்றை வழங்குகிறது. கிலீனில் மாண்டவர்களின் பெயரால் இவ்வளவு தூரம் செல்ல முடியாது.

இரண்டாவது வாதம் முற்போக்காளராகிய நம்மையே நேராகத் தாக்குவது. அனுமதி வழங்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது? 1956இல் மொன்ற்கொமரி நகரில் பஸ் பகிஷ்கரிப்பை நடத்திக்கொண்டிருந்த மாட்டின் லூதர் கிங்கின் வீட்டின் மீது குண்டு வீசப்பட்டது. அவர் துப்பாக்கி தாங்க அனுமதிப்பத்திரம் கேட்டு விண்ணப்பித்தார். அது மறுக்கப்பட்டது. உயிராபத்து மெய்யாகவே வாசலில் நின்ற ஒருவருக்கு, அவர் கறுப்பினத்தவர் என்பதனாலேயே, சட்டத்தின் கதவு அடைக்கப்பட்டது. 1967இல் ஓக்லன்ட் நகரில் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் பொலிசாரின் அட்டூழியங்களைக் கண்காணிக்கத் துப்பாக்கி ஏந்தி வீதியில் நின்றபோது, கலிபோர்ணியா அவசர அவசரமாக அதனைத் தடைசெய்தது. கையொப்பமிட்ட ஆளுநர் ரொனால்ட் றேகன். 2022ஆம் ஆண்டு வழக்கில் நியூயோர்க்கின் ஏழைகளுக்காக வழக்காடும் சட்டத்தரணிகள் சிலரே பழைய கட்டுப்பாட்டுக்கு எதிராக நின்றனர். பத்திரமின்றித் துப்பாக்கி வைத்திருந்தமைக்காகச் சிறைக்குச் செல்வோர் பெரும்பாலும் கறுப்பின மக்களும் ஸ்பானிய வழியினரும் என்பதை அவர்கள் தம் தொழிலிற் கண்டிருந்தனர்.

இவை யாவும் உண்மை. வர்க்கமும் இனமும் பிளந்து கிடக்கும் ஒரு சமுதாயத்தில் அனுமதிப்பத்திரமும் ஆளும் பகுதியினரின் கருவியாக மாறலாம். ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவு என்ன? வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்காக வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் பயிர் தப்பிவிடுமா? அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு இடந்தராத விதிகள், கட்டணமில்லாத பயிற்சி, மறுக்கப்பட்டவர் முறையிட ஒரு மன்றம் என்பனவே அநீதியான அனுமதிப்பத்திரத்துக்குரிய பரிகாரங்கள்.

பத்திரம் ஒழிந்ததும் சமத்துவம் வந்துவிடும் என்று நம்புவோர் 2016ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மினசோட்டாவில் நிகழ்ந்ததை நினைவுகூர்தல் நன்று. பாடசாலையொன்றின் உணவுக்கூடத்திற் பணியாற்றிய பிலான்டோ கஸ்ரீல் என்ற கறுப்பின இளைஞரைப் பொலிசார் வீதியில் மறித்தனர். அவரிடம் சட்டப்படியான அனுமதிப்பத்திரம் இருந்தது. தம்மிடம் துப்பாக்கி உண்டென்பதை அவரே மரியாதையாகத் தெரிவித்தார். சில விநாடிகளில் அவர் சுடப்பட்டார். சுட்ட பொலிஸ்காரரை அடுத்த ஆண்டு யூரிகள் விடுதலை செய்தனர். பத்திரம் பெற்றவருக்கே இக்கதியெனில், பத்திரம் ஒழிந்ததனால் அவரைப் போன்றோருக்கு என்ன பாதுகாப்புக் கிடைக்கும்? எவரிடமும் துப்பாக்கி இருக்கலாம் என்ற நிலை வரும்போது, பொலிஸ்காரனின் அச்சம் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. ஏற்கனவே சந்தேகிக்கப்படுவோர் மீதே அது முதலில் விழும். ஏட்டில் உரிமை பொதுவாகிறது; வீதியில் மரணம் பொதுவாவதில்லை.

இனி, பிரச்சினையின் மூலத்துக்கு வருவோம். ஆங்கிலத் தத்துவ ஞானி தோமஸ் ஹொப்ஸ் 1651இல் வெளியிட்ட ‘லெவியதான்’ என்னும் நூலில், ஆயுதம் தாங்கிப் பிரயாணம் செய்பவனை உதாரணமாக எடுத்துக்காட்டி, அவன் தன் சக குடிகளைப் பற்றி என்ன எண்ணங் கொண்டிருக்கிறான் என்று வினவினார். சட்டமும் காவலும் உள்ள நாட்டிலும் மனிதர் ஒருவரையொருவர் நம்புவதில்லை என்பதை அவர் அதனாற் புலப்படுத்தினார். அவ்வவநம்பிக்கையை அடக்கவே அரசு வேண்டும் என்பது அவர் துணிபு. இன்றைய சட்டசபைகளோ அவநம்பிக்கையையே சட்டமாக்கி, அதற்குச் சுதந்திரம் என்று பெயரிடுகின்றன.

தற்காப்பு உரிமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் கதவைப் பூட்டுவதும் துப்பாக்கி தாங்கிச் சந்தைக்குச் செல்வதும் ஒரே வகையான தற்காப்பு அல்ல. பூட்டு அயலவனுக்குத் தீங்கு செய்யாது. குறி தவறிய குண்டோ யார் நல்லவர், யார் தீயவர் என்று விசாரியாது. எனவே அயலவனுக்கு ஒரு கேள்வி உண்டு: இதனைக் கையாள நீ கற்றிருக்கிறாயா? எப்போது சுடலாம், எப்போது சுடலாகாது என்று அறிவாயா? இக்கேள்வியைப் பஸ் சாரதியோ, கடைச் சிப்பந்தியோ, ஆசிரியையோ ஆயுதம் தாங்கி வருபவனின் முகத்துக்கு நேரே கேட்க முடியாது. துப்பாக்கியின் முன்னே சொல் எவ்வளவு சிறுத்துவிடும் என்பது நம் நாட்டாருக்கு விளக்க வேண்டியதொன்றன்று. ஆகவே, அவர்களால் தனித்துக் கேட்க முடியாததை அவர்கள் சார்பில் சமுதாயம் கேட்கிறது. அனுமதிப்பத்திரம் என்பது அக்கேள்வியும் அதற்குக் கிடைத்த விடையுமேயாகும். பத்திரத்தை ஒழிக்கும் சட்டம் ஒருவனது உரிமையை விரிப்பதுபோலத் தோன்றினும், உண்மையில் ஆயுதமற்ற அனைவரதும் கேட்கும் உரிமையைப் பறிக்கிறது.

இதனால் விளையும் சுமையும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் டொனஹியூவும் அவரது துணைவரும் 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சி, துப்பாக்கி தாங்கும் உரிமையை முன்னர் தளர்த்திய மாநிலங்களில், பத்தாண்டுகளின் பின் வன்குற்றங்கள் நூற்றுக்குப் பதின்மூன்று முதல் பதினைந்து வீதம் வரை கூடுதலாயின என மதிப்பிட்டது. ஓகாயோ மாநிலத்தில் 2022இல் இச்சட்டம் வந்தபோது, பொலிசாரின் சங்கமே அதனை எதிர்த்தது. 2023ஆம் ஆண்டில் அந்நாட்டிற் துப்பாக்கியால் மாண்டோர் 46,000க்கு மேற்பட்டோர். அவர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பகைவனுக்கென வாங்கிய ஆயுதம், மனமுடைந்த ஒரு நாழிகையில், வாங்கியவனையே பகைவனாகக் கொண்டுவிடுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு இச்சட்டங்கள் ஏன் பரவுகின்றன? மக்கள் திரண்டெழுந்து இவற்றைக் கேட்டனரா? 2021இல் ரெக்சாஸில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்பொன்றில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பது பேர் இம்மாற்றத்தை எதிர்த்தனர். ஆயினும் சட்டம் நிறைவேறிற்று. இங்கேதான் வியாபாரத்தின் கையை நாம் காண்கிறோம். வேட்டைத் துப்பாக்கியின் சந்தை சுருங்கியபோது, அச்சமே சிறந்த சந்தையாயிற்று. 2005இல் காங்கிரஸ் சபை இயற்றிய சட்டமொன்று, துப்பாக்கிகள் குற்றச்செயல்களிற் பயன்படுத்தப்படுவதற்காக அவற்றைச் செய்வோர் மீதும் விற்போர் மீதும் வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. இலாபம் அவர்களுக்கு, இழப்பு மக்களுக்கு. இந்த ஏற்பாட்டுக்குத் தனிமனித சுதந்திரம் என்னும் சொல் அழகான போர்வையாக அமைந்துவிட்டது.

பிறரை இடருக்குள்ளாக்கும் செயலுக்கு முன், அப்பிறருக்குப் பொறுப்புக் கூற ஒருவன் ஒப்புவது அடிமைத்தனமன்று. பிறரும் தன்னைப் போன்ற மனிதரே என்பதை அவன் ஏற்றுக்கொண்டதற்கு அது சாட்சி. ரெக்சாஸ் அரசாங்கம் இதனை அறியாததன்று. முடிதிருத்துபவரிடம் அது ஏன் அனுமதிப்பத்திரம் கேட்கிறது? அவரது கத்தரிக்கோலின் கீழ் இருப்பது இன்னொருவரின் தலை என்பதனாலன்றோ? அந்தத் தலைக்குரியவர் நாற்காலியை விட்டெழுந்து வீதிக்கு வந்ததும், அவர்மீது அரசாங்கத்துக்கிருந்த அக்கறை எங்கே போய்விடுகிறது? இவ்வினாவுக்கு இருபத்தொன்பது மாநிலங்களும் இன்னும் விடை கூறவில்லை.