பல்லும் நாக்கும்

1924 ஜூன் 26ஆம் தேதி இரவு, திருவண்ணாமலையில் பகவான் ரமண மகரிஷி தங்கியிருந்த இடத்தில் திருடர்கள் புகுந்தார்கள். தாயார் அழகம்மாளின் சமாதியை ஒட்டிச் சில கொட்டகைகள் மட்டுமே இருந்த காலம் அது. இங்கே எடுத்துப்போக ஒன்றுமில்லை, வேண்டுமானால் உள்ளே வந்து பாருங்கள் என்று பகவான் சொல்லிப் பார்த்தார். அவர்கள் நம்பவில்லை. ஜன்னலை உடைத்தார்கள், வெடி கொளுத்தி மிரட்டினார்கள். சரி, நாங்கள் வெளியே போய்விடுகிறோம் என்று பகவான் அன்பர்களோடு வாசலைத் தாண்டியபோது எல்லோர் மேலும் தடியடி விழுந்தது. பகவானுக்கு இடது தொடையில் அடி. போதாதென்றால் மற்றக் காலிலும் அடித்துக்கொள்ளப்பா என்றார். உள்ளே போனவர்கள் வெளிச்சம் கேட்டார்கள். அவர் சொன்னதன்பேரில் ஒரு விளக்கை ஏற்றிக் கொடுத்தார்கள்.

அன்பர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பகவான் தடுத்துவிட்டார். பல் தெரியாமல் நாக்கைக் கடித்துவிட்டால் பல்லைத் தட்டி எடுத்துவிடுவாயா என்பது அவர் கேட்ட கேள்வி.

இரண்டில்லை என்னும் அத்வைதத்தைப் பற்றி எத்தனையோ பெரிய நூல்கள் இருக்கின்றன. எனக்கு அவற்றையெல்லாம்விட இந்த ஒரு இரவு தெளிவாகப் பேசுகிறது. காரணம், அடி வாங்கியதோ விளக்குக் கொடுத்ததோ அல்ல. அமளிக்கு நடுவே அவர் செய்த இன்னொரு காரியம். கருப்பன் என்று ஒரு நாய் அங்கே இருந்தது. திருடர்கள் அதை அடித்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டு, முதலில் அதைப் பத்திரமாக வேறு குடிசைக்குக் கொண்டுபோகச் சொன்னார். எல்லாம் ஒன்று, வலியும் சுகமும் ஒன்று என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. தடி பட்டால் நாய்க்கு வலிக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பிறகு ஒருவர் ஊருக்குள் போய்த் தகவல் சொல்ல, போலீஸ் வந்தது. சில நாளில் திருடர்கள் பிடிபட்டார்கள். உலகக் காரியம் எதுவும் நின்றுவிடவில்லை.

அப்படியானால் அந்த இரவில் அவரிடம் இல்லாமல் போன வேற்றுமை எது? நான், பிறன் என்ற ஒன்றுதான். நாம் இரட்டைகள் என்றதும் வெப்பம் குளிர், லாபம் நஷ்டம், புகழ் இகழ் என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சமமாக்கப் பார்த்தால் ஆயுள் போதாது.

மழையை எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடி உப்பளத்தில் வார இருக்கும் உப்பின் மேல் மழை பெய்தால் அத்தனை நாள் உழைப்பும் பாத்தியிலேயே கரைந்துவிடும். அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, கோவில்பட்டிக் கரிசல்காட்டில் உளுந்தும் பாசிப்பயறும் விதைத்துவிட்டு ஒரு சம்சாரி அதே மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். மழை நல்லதா கெட்டதா என்று வானத்தைக் கேட்டால் பதில் வராது. நிற்கும் இடத்தைப் பொறுத்துத்தான் அது நல்லதாகவும் கெட்டதாகவும் ஆகிறது. இந்த அளவுக்கு யோசித்துப் பார்க்கும் எவருக்கும் புரியும். அதற்கும் அடுத்த படியை பகவான் காட்டினார். அன்பர் முருகனார் வேண்டிக்கொண்டதால் 1928இல் அவர் இயற்றிய ‘உள்ளது நாற்பது’, இரட்டைகள் எல்லாம் ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன, அந்த ஒன்று எது என்று உள்ளே தேடு என்கிறது. லாபமா நஷ்டமா என்று கணக்குப் பார்க்கும் அந்த ‘நான்’ யார் என்பதுதான் தேடச் சொல்லும் இடம்.

அதே நூலின் அனுபந்தத்தில், அத்வைதம் உள்ளத்தில் இருக்கட்டும், செய்கையில் வேண்டாம் என்ற பொருளில் ஒரு பாட்டும் உண்டு. நெருப்பை நெருப்பாகவும் நீரை நீராகவும் கையாளச் சொல்லும் எச்சரிக்கை என்றே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். சாதி வித்தியாசம் பார்ப்பதற்கு அதைச் சப்பைக்கட்டாகப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் காசியில் நடந்ததாகச் சொல்லும் கதையே பதில். எதிரே வந்த சண்டாளரை விலகச் சொன்னார் ஆதிசங்கரர். எதை விலகச் சொல்கிறீர், சோற்றால் ஆன இந்த உடம்பையா, உள்ளே இருக்கும் அறிவையா என்று அந்தச் சண்டாளர் திருப்பிக் கேட்டார். சங்கரர் பணிந்து பாடிய ஐந்து சுலோகங்கள்தான் மனீஷா பஞ்சகம். அத்வைதத்தை நாடெங்கும் எடுத்துச் சொன்ன ஆசாரியருக்கே பாடம் தெருவில்தான் கிடைத்தது என்று மரபே சொல்லி வைத்திருக்கிறது. பிறனைத் தீட்டென்று ஒதுக்குகிறவர் எத்தனை உபநிடதம் ஒப்பித்தாலும் அவருக்கு அத்வைதம் இன்னும் தொடங்கவேயில்லை.

இன்று யாராவது உங்களைச் சுருக்கென்று ஒரு சொல் சொல்லிவிடலாம். மனம் உடனே கம்பியைத் தேடும். அப்போது, இந்தக் கோபம் யாருக்கு வந்திருக்கிறது என்று ஒரு தடவை உள்ளே கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். புகார் கொடுக்க வேண்டியிருந்தால் அதையும் கொடுங்கள். எதிரில் நிற்பவரை வேற்றாளாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.