திருத்துபவரின் கவனம்

மாணவர் ஒருவரின் விடைத்தாளில் ஆசிரியர் இட வேண்டியது ஓர் எழுத்தா, எழுத வேண்டியது ஒரு பத்தியா என்ற வினா பெரும்பாலும் தேர்வு நிர்வாகத்தைச் சார்ந்த சிக்கலாகவே பேசப்படுகிறது. ஆயினும், ஒருவர் உழைத்துச் செய்ததை மற்றொருவர் எவ்வாறு பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறார் என்ற அறவியல் வினா அதனுள் அடங்கியிருப்பதால், மெய்யியலும் சமயச் சிந்தனையும் அதில் சொல்ல வேண்டியது நிறைய உண்டு.

அமெரிக்காவின் யேல் கல்லூரித் தலைவராக இருந்த எஸ்ரா ஸ்டைல்ஸ், 1785இல் மாணவர்களைச் சோதித்தறிந்து, அவர்களை நான்கு வகுப்பினராகப் பிரித்து, மிகச் சிறந்தோர் முதல் மிகத் தாழ்ந்தோர் வரை லத்தீன் பெயர்களிட்டுத் தம் நாட்குறிப்பில் பதிவு செய்தார். அதே ஆண்டில் ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட், அறவியலுக்கு அடித்தளமிடும் தம் நூலில், விலை உடையவற்றையும் கண்ணியம் உடையவற்றையும் வேறுபடுத்திக் காட்டினார். விலை உடையதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், கண்ணியம் உடையதற்கு ஈடாக எதையும் வைக்க இயலாது என்பது அந்த வேறுபாட்டின் சாரம். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலே. காண்டின் கோட்பாடு மனிதரைப் பற்றியது, வீட்டுப்பாடத்தைப் பற்றியது அன்று என்பதால், அதை அப்படியே விடைத்தாளுக்குப் பொருத்துவது மிகையாகும். எனினும் ஸ்டைல்ஸ் இட்ட பெயர்கள் விடைகளைச் சுட்டாமல் மாணவர்களையே சுட்டின என்பதைக் கவனித்தாக வேண்டும். மௌண்ட் ஹோலியோக் கல்லூரி 1897இல் 'ஏ', 'பி' போன்ற எழுத்துகளைக் கையாளத் தொடங்கியபோதும், பின்னர் அம்முறை பரவியபோதும் இந்த வழக்கம் மாறவில்லை. 'பி' பெற்ற கட்டுரையை எழுதியவர் 'பி' மாணவர் ஆகிவிடுகிறார், அதே எழுத்தைப் பெற்ற எவருக்கும் ஈடாகிறார்.

பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல் இதே பொருளைச் சமய நோக்கில் அணுகினார். யூதக் குடும்பத்தில் பிறந்து, கிறித்தவத்தை மிக நெருங்கி நின்ற அவர், 'லிசே' எனப்படும் பிரெஞ்சு மேல்நிலைப் பள்ளிகளில் மெய்யியல் கற்பித்தவர். 1942இல், டொமினிக்கன் சபைத் துறவியான பெரன் அடிகளாருக்காக, பள்ளிப் படிப்பைக் கடவுள் அன்புக்கு உரியதாக ஆக்குவது எவ்வாறு என்பது பற்றிச் சிறு கட்டுரை ஒன்றை எழுதினார். அதன் மையக் கருத்து கவனம். நெற்றியைச் சுருக்கி உடலை விறைக்கவைக்கும் முயற்சியை அவர் கவனம் என்று கொள்ளவில்லை. தன் எண்ணங்களைச் சற்றே விலக்கிவைத்து, எதிரே உள்ள பொருள் தன்னைத் தானே வெளிப்படுத்தும்வரை காத்திருக்கும் மனநிலையையே அச்சொல்லால் குறித்தார். இறைவேண்டலும் இந்தக் கவனத்தால் ஆனதே என்பதால், வடிவியல் கணக்கோடு மல்லுக்கட்டி விடை காணாது போன சிறுமியிடமும் வேண்டுதலுக்கான ஆற்றல் வளர்ந்திருக்கும் என்று அவர் உறுதியாக நம்பினார்.

இதிலிருந்து அவர் இரண்டு நிபந்தனைகளை வகுத்தார். முதலாவது, மதிப்பெண்ணையோ தேர்ச்சியையோ விரும்பிப் படிக்கலாகாது. இரண்டாவது, தவறாகச் செய்த ஒவ்வொரு பயிற்சியையும், சாக்குத் தேடாமல், ஆசிரியரின் திருத்தம் எதையும் கடந்துபோகாமல், நிதானமாக உற்றுநோக்க வேண்டும். இதனால் விளையும் பணிவு எந்தக் கல்வி முன்னேற்றத்தினும் பெரிய செல்வம் என்றார். இவை ஏட்டளவில் தோன்றிய கருத்துகள் அல்ல. கணிதமேதையான அண்ணன் ஆந்த்ரே வெய்லோடு தன்னை ஒப்பிட்டுப் பார்த்து, தன் பதினான்காம் வயதில் சாகும் எண்ணம் வரை துயருற்றதையும், திறமை அறவே இல்லாதவரும் உண்மையை விரும்பி இடைவிடாது கவனித்தால் அதை அடைய முடியும் என்ற தெளிவு பிறந்து மீண்டதையும் அவர் அதே அடிகளாருக்கு மடலில் எழுதியுள்ளார். ஒப்பீடு அவரைச் சிதைத்தது, கவனம் அவரை மீட்டது.

இரண்டாம் நிபந்தனை நிறைவேற, விடைத்தாளில் உற்றுநோக்குவதற்கு ஏதேனும் இருந்தாக வேண்டும். இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் சமம் என்று நிறுவச் சொன்னபோது, ஒரு மாணவர் மூன்றாம் வரியிலேயே அக்கோணங்கள் சமம் என்று எடுத்துக்கொண்டு, எஞ்சிய வரிகளைப் பிழையின்றி எழுதிவிடுவதாகக் கொள்ளலாம். அத்தாளில் இடப்படும் 'சி' என்ற எழுத்து, ஏதோ குறைந்துவிட்டது என்பதைத் தவிர எதையும் தெரிவிக்காது. "நிறுவ வேண்டியதையே மூன்றாம் வரியில் தரவாகக் கொண்டுவிட்டீர், உச்சிக்கோணத்தை இருசமக்கூறிடும் கோடு ஒன்றை வரைந்து, கிடைக்கும் இரு முக்கோணங்களை ஒப்பிட்டுப் பாரும்" என்ற குறிப்போ, மாணவரின் பார்வையைத் தன்மேலிருந்து விலக்கி முக்கோணத்தின் மேல் திருப்புகிறது. அதை எழுதுவதற்கு ஆசிரியரும் மூன்றாம் வரியில் நின்று, அம்மாணவர் எண்ணிய வழியே எண்ணிப் பார்த்தாக வேண்டும். துன்புறும் அயலாரிடம் அவருக்கு நேர்ந்தது என்ன என்று கேட்கத் தெரிவதே அன்பு என்று வெய்ல் அக்கட்டுரையின் இறுதியில் சொல்வது, இந்தச் சிறிய செயலுக்கும் பொருந்தும். "நன்று", "மேலும் முயல்க" போன்ற குறிப்புகளில் இது நிகழ்வதில்லை. அவை சொற்களால் எழுதப்பட்ட தரக்குறியீடுகளே.

இஸ்ரேலிய உளவியலாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளிச் சிறாருள் ஒரு பிரிவினருக்குக் கருத்துரை மட்டும், ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், மற்றொரு பிரிவினருக்கு இரண்டும் வழங்கிப் பார்த்தது. கருத்துரை மட்டும் பெற்றோரிடம் ஆர்வமும் செயல்திறனும் உயர்ந்திருந்தன. இரண்டையும் பெற்றோர், மதிப்பெண் மட்டும் பெற்றோரைப் போலவே பின்தங்கினர். கருத்துரையோடு மதிப்பெண்ணும் இருந்தால் கேடில்லை என்ற பரவலான நம்பிக்கையை இது அசைத்துவிடுகிறது.

நீதியின் பெயரால் எழும் மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கருத்துரை எழுதும் ஆசிரியர் தமக்குப் பிடித்தவரிடம் தாராளமாகவும் பிறரிடம் சுருக்கமாகவும் இருக்கலாம். மதிப்பெண்ணோ பெயரும் குடும்பமும் அறியாமல் வழங்கப்படக் கூடியது. எளிய பின்னணியிலிருந்து வருபவருக்கு இது மெய்யான காப்பு, அதைக் குறைத்துப் பேசுவது அறமாகாது. ஆனால் அந்தக் காப்பும் கருதப்படும் அளவுக்கு உறுதியானதன்று. டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் இருவரும் 1912இல் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளிகளின் ஆசிரியர்களிடம் தந்து திருத்தச் செய்தபோது, கிடைத்த மதிப்பெண்கள் நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட இடைவெளியில் சிதறிக் கிடந்தன.

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம் 1965இல் தொடங்கியபோது, எழுத்துவழி மதிப்புரையே அதன் அடையாளமாக இருந்தது. 2000இல் ஆசிரியர்கள் வாக்களித்துத் தரக்குறியீட்டைக் கட்டாயமாக்கினர். இதைக் கொள்கையின் தோல்வி என்று மட்டும் கொள்வது பொருந்தாது, ஏனெனில் கவனம் நேரத்தைக் கோருகிறது. நாற்பது மாணவர் கொண்ட வகுப்பில் தாளுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். அத்தகைய ஐந்து வகுப்புகளுக்கு ஏறத்தாழ பதினேழு மணி நேரம். அந்நேரத்தைப் பாடவேளை அட்டவணையில் ஒதுக்காமல் கருத்துரை எழுதச் சொல்லும் பள்ளி, அதை ஆசிரியரின் உறக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரு பருவத்தில் பத்துக் கட்டுரைகளுக்கு எழுத்திடுவதை விட்டு மூன்றை மட்டும் முழுமையாகப் படித்துக் கருத்துரைப்பதும், மாணவர் அவற்றைத் திருத்தி எழுதித் தந்த பின்னரே பதிவேட்டில் மதிப்பெண்ணை ஏற்றுவதும், இன்றுள்ள வகுப்பறைகளிலும் இயலக்கூடியவை.